கலப்படம் இல்லாத இருபத்துநான்கு கைப்பிடிகள்

மாட்டுங்கா, பம்பாய்
14-8-1966, ஞாயிறு

சிரஞ்சீவி தம்பி மணிக்கு,

அக்கா நாகலக்ஷ்மி எழுதுவது. பகவான் கிருபையில் நான் சௌக்கியம். நீயும் ருக்குவும் அங்கே கல்பாத்தியில் அதே கிருபையில் இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். உன் கடிதம் ஒன்றாம் தேதியே கிடைத்தது. அதில் நீ முற்றுப்புள்ளி என்ற ஒன்றையே உபயோகிக்கவில்லை. நான் படித்த கான்வென்ட்டில் மதர் பிலோமினா அதைப் பார்த்திருந்தால் உன்னை வராந்தாவில் முட்டி போட வைத்திருப்பாள். போகட்டும். இங்கே மழை. கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் தண்ணீர். பால்காரன் வருகிறான், பேப்பர்காரன் வருவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உன் பிள்ளை பஞ்சு தாராவியில் நடத்தும் பட்டறையை நேரில் போய்ப் பார்த்து, அது ஒரு கௌரவமான தொழில்தானா, அதில் நாணயம் இருக்கிறதா, பையனை விட்டு வைக்கலாமா என்று ஒளிக்காமல் எழுதச் சொல்லியிருந்தாய். இல்லாவிட்டால் செப்டம்பர் ஒன்றாம் தேதி இங்கே கோட்டைப் பக்கம் உன் காலேஜ் சிநேகிதர் நம்பிராஜனின் ஆபீஸில் அவன் குமாஸ்தாவாகச் சேர வேண்டும் என்றும், நாற்காலிகூடத் தயார் என்றும் எழுதியிருந்தாய். ஆக, உன் பிள்ளையின் தலையெழுத்தை என் பேனாவில் வைத்தாய். நான் பிறர் விஷயத்தில் தலையிடுகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டுவிட்டாய், சொல்கிறேன்.

ஐந்தாம் தேதி வெள்ளிக்கிழமை காலை குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தாராவி இங்கிருந்து கூப்பிடு தூரம், ஆனால் அந்தச் சேற்றில் ஒரு செருப்பை இழந்துதான் போய்ச் சேர்ந்தேன். தகரக் கொட்டகை. உள்ளே கரண்டில் சூடாகும் அச்சு இயந்திரம் ஒன்று, சூடான இரண்டு உருளை சுற்றுகிற இன்னொன்று. பிரஷர் குக்கருக்குக் கறுப்பாக ஒரு கைப்பிடி இருக்கிறதே, அந்த பேக்லைட் சாமானைத்தான் செய்கிறார்கள். பஞ்சு சரக்கு வாங்க மஸ்ஜித் பந்தர் போயிருந்தான். அவனுடைய கூட்டாளி அய்யாத்துரை இருந்தார். திருநெல்வேலிக்காரர், நாற்பது வயது, என்னைப் பார்த்ததும் மடித்துக் கட்டிய வேட்டியை மரியாதையாக இறக்கி விட்டார். அதை நான் குறித்துக்கொண்டேன். கைப்பிடிகளின் ஓரத்தை அரம் வைத்துத் தேய்க்க ஆறுமுகத்தாய் என்று ஒரு பெண்பிள்ளை. வாய் நிற்காது, கையும் நிற்காது. இடம் சுத்தமாகத்தான் இருந்தது. நல்லபடியாக எழுதலாம் என்று நினைத்துக்கொண்டே மூலைக்குப் போனேன். அங்கே பார்த்தேன் மணி, மூட்டை மூட்டையாக மரத்தூள்! பக்கத்திலேயே ஒரு டின்னில் காக்காப்பொன் பொடி, நாம் கொலு பொம்மைக்கு மினுமினுப்பாக ஒட்டுவோமே, அது. அய்யாத்துரை நல்ல மஞ்சள் பிசின் பொடியில் ஒரு முறம் மரத்தூளைக் கொட்டிக் கலக்கிறார், கூசாமல், என் கண்ணெதிரே.

"இது என்ன?" என்றேன்.

"மரத்தூளும்மா. மாலுக்குள்ள போடுதது. ஃபில்லர்னு சொல்லுவாவ."

"இடத்தை அடைக்கிற சாமானா? பாதிக்குப் பாதியா?"

"பாதிக்குக் கொஞ்சம் கம்மிதாம்மா. இது போடாட்டா சரக்கு நிக்காது பாத்துக்கிடுங்க."

நிற்காதாம்! பாலில் தண்ணீர் விட்டவனும் நம் அப்பாவிடம் இதைத்தான் சொன்னான், தண்ணீர் விடாவிட்டால் பால் திரிந்துபோகும் என்று. ரேஷன் அரிசியில் கல், மிளகில் பப்பாளி விதை, இப்போது நம் வீட்டுப் பிள்ளையின் கைப்பிடியில் மரத்தூள். இதை உனக்கு எப்படி எழுதுவது? எழுதினால் பையன் அன்றைக்கே ஆபீஸ் நாற்காலியில். எழுதாவிட்டால் நான் பொய்க்காரி. அப்போதுதான் அய்யாத்துரை சொன்னார், மறுநாள் காலை கரீம் பாட்சா என்கிற குக்கர் வியாபாரி மாதிரிகளைச் சோதிக்க வருகிறார், இருபத்துநான்கு கைப்பிடி காட்ட வேண்டும், தேறினால் வருஷம் முழுக்க ஆர்டர், தேறாவிட்டால் கொட்டகைக்குப் பூட்டுத்தான் என்று. எனக்கு வழி தெரிந்துவிட்டது. நேர்மையாக இருபத்துநான்கு செய்து காட்டினால், எல்லார் மானமும் தப்பும்!

"இனிமேல் தூள் கிடையாது. காக்காப்பொன் கிடையாது. அந்தக் கறுப்புச் சாயமும் வேண்டாம், எதை மறைக்க அது? சுத்தமான பிசினில் செய்யுங்கள்" என்றேன்.

"பஞ்சு தம்பி வந்து ஏசுமே."

"நான் பஞ்சுவின் அப்பா சார்பில் வந்திருக்கிறேன்."

நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் அப்பா என்று கேட்டதும் அந்த மனிதர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். பையனைக் கூட்டிக்கொண்டு போய்விடப்போகிற அப்பா என்று உன்னை அங்கே எல்லாரும் தெரிந்து வைத்திருக்கிறார்கள். முறத்தைக் கீழே வைத்தார். ஆறுமுகத்தாய் மட்டும் அரத்தை நிறுத்தாமலே கேட்டாள்: "யம்மா, ஒங்க வீட்டுல தோசைக்கு வெறும் உளுந்தைத்தான் ஆட்டுவியளோ? அரிசி போட்டா கலப்படமோ?" நான் பிசின் பொடியை அய்யாத்துரை பக்கம் நகர்த்தினேன். வேலைக்காரர்களோடு தர்க்கம் செய்வது எனக்குப் பழக்கம் இல்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

பிசின் அச்சில் தேன் மாதிரி இளகி நாலா பக்கமும் வழிந்தது. சாயங்காலத்துக்குள் அய்யாத்துரை அச்சைச் சுரண்டிச் சுரண்டி ஓய்ந்துபோனார். ஆனாலும் கைப்பிடிகள் வந்தன மணி, அடடா, தேன் நிறத்தில், வெளிச்சத்தில் பிடித்தால் விரல் நிழல் தெரிகிறது! நான் ஒவ்வொன்றையும் என் கையாலேயே பேப்பரில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிவிட்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன். பஞ்சு மழையில் ரயில் நின்று நேரங்கழித்துத்தான் வந்தான், பெட்டியைப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை நானும் போனேன். கரீம் பாட்சா கடையநல்லூர் பக்கம். பெரிய சரீரம், சின்னக் குரல். சொந்த குக்கரையும் பம்ப் ஸ்டவ்வையும் கொண்டுவந்திருந்தார். பஞ்சு பெட்டியைத் திறந்தான். ஒன்றைப் பிரித்தான், இன்னொன்றைப் பிரித்தான். "அய்யாத்துரை அண்ணாச்சி, இதை யார் பண்ணினா?" என்றான். அய்யாத்துரை தகரக் கூரையைப் பார்த்தார். அதற்குள் பாட்சா ஒன்றை எடுத்து இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டார். கண்ணாடி வளையல் உடைகிற சத்தம். இன்னொன்றில் திருகாணியை ஏற்றினார், பாதி ஏறுவதற்குள் இரண்டாகப் பிளந்தது. மூன்றாவதை எப்படியோ மாட்டி குக்கரை ஸ்டவ்வில் ஏற்றினார். கால் மணி நேரத்தில் அது கொப்புளம் கட்டி, 'டிக்' என்று ஒரு சத்தம், குறுக்கே கோடு.

"என்ன தம்பி இது, கைப்பிடியா கல்கண்டா? பொம்பளைங்க கையில கொதிக்கிற குக்கர் இருக்கும்போது இது உடைஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சியா?"

பஞ்சு என்னை ஒரு தரம் பார்த்தான். பிறகு, "தப்பு என்னோடது, பாய்" என்றான்.

மணி, உன் பிள்ளை அப்படிச் சொன்னான். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. எனக்கு அறுபத்தைந்து வயது, ஆனாலும் எழுந்து நின்றேன். தப்பு செய்தால் எழுந்து நின்று ஒப்புக்கொள் என்று மதர் பிலோமினா சொல்லிக் கொடுத்ததால், அந்தப் பழக்கத்தில் முழுவதையும் இங்கிலீஷில் ஒப்புக்கொண்டேன், ஆரம்பம், நடு, முடிவு எல்லாம் வைத்து, நாலைந்து நிமிஷம்.

"அம்மா என்ன சொல்றாங்க?" என்றார் பாட்சா.

"தான்தான் பண்ணினதாச் சொல்றா. மரத்தூளைக் கலப்படம்னு நினைச்சுட்டா" என்றான் பஞ்சு.

பாட்சா ஸ்டவ்வை அணைத்துவிட்டுச் சிரித்தார் பார், அந்தச் சின்னக் குரலில், தோள் குலுங்க. "முப்பது வருசமா பம்பாயில யாவாரம் பண்றேன். கலப்படம் பண்ணிக் கெட்ட சரக்கு ஆயிரம் பார்த்திருக்கேன். சுத்தமாப் பண்ணிக் கெட்ட சரக்கை இன்னைக்குத்தாம்மா பார்க்கேன். வியாழக்கிழமை வாரேன் தம்பி. ஆனா அதுவே கடைசி."

அவர் போன பிறகு, "நான் என்ன செய்ய வேண்டும், சொல்" என்றேன் பஞ்சுவிடம். அவன் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் தேவலை. "நோட்டுப் புஸ்தகம் வச்சுக்கோங்கோ அத்தை. உங்க கையெழுத்துத்தான் இங்கே எல்லார் கையெழுத்தையும் விட நன்னா இருக்கு" என்றான். அப்படியாக நான்கு நாள் நான் தாராவியில் வேலை பார்த்தேன். இதை ஊரில் யாரிடமும் சொல்லாதே.

அப்போதுதான் புரிந்தது. பிசின் மட்டும் இருந்தால் அது கெட்டியாகும்போது சுருங்கித் தனக்குள்ளேயே விரிசல் விட்டுக்கொள்ளும். ரொம்பச் சுத்தமான மனிதர்கள் எளிதில் உடைவார்கள் என்று பஞ்சு சொன்னான், என்னைச் சொன்னானா என்று நான் கேட்கவில்லை. மரத்தூளில் இருக்கிற நார் அதைப் பிடித்து நிறுத்துகிறது, அதனால் கீழே போட்டால் உடைவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மரத்தூளை அள்ளிப் போட்டுச் செய்தோம். விழுந்தால் உடையவில்லை, ஆனால் அடுப்பில் வைத்ததும் கருகி நாற்றம் எடுத்தது. திங்களன்று தூளைக் குறைத்துக் காக்காப்பொன்னை ஏற்றினோம். காக்காப்பொன் சூட்டுக்கு அசைகிறதே இல்லை, ஒரு மணி நேரம் வைத்தாலும் நிறம் மாறவில்லை, ஆனால் எடைக்கல்லைத் தொங்க விட்டதும் முறிந்தது. சூட்டுக்கு ஒன்று, பலத்துக்கு ஒன்று, இரண்டும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை அளவு சரிதான், ஆனாலும் கைப்பிடியெல்லாம் கொப்புளம். எல்லாரும் தலையில் கையை வைத்துக்கொண்டார்கள். நான் மரத்தூளைக் கையில் எடுத்துப் பிடித்துப் பார்த்தேன், கொழுக்கட்டை மாதிரி பிடிபடுகிறது! மழைக்காலத்து ஈரம். ஈர மாவை எண்ணெயில் போட்டால் வெடிக்காதா? அது மட்டும் எனக்குத் தெரியும் என்று சொல்லி, இரும்புச் சட்டியில் பதமாக நானே வறுத்துக் கொடுத்தேன். "யம்மா ரவை வறுக்காவ டோய்!" என்றாள் ஆறுமுகத்தாய். புதன்கிழமை சாயங்காலம் கறுப்பாக, அசிங்கமாக, என் கண்ணுக்கு லட்சணமாக இருபத்துநான்கு கைப்பிடிகள் வந்துவிட்டன.

வியாழக்கிழமை பாட்சா வந்தார். கீழே போட்டார், தரையில் சிமெண்டு பெயர்ந்தது. திருகாணி ஏற்றினார். ஒரு மணி நேரம் ஸ்டவ்வில் வைத்தார். சூடாக இருக்கும்போதே இருபது கிலோ எடைக்கல்லைக் கட்டித் தொங்க விட்டார். அய்யாத்துரை முருகனைக் கூப்பிட்டார், நான் மேரி மாதாவையும் சேர்த்தே கூப்பிட்டேன், பகவான் கோபிக்கமாட்டார். கைப்பிடி அசையவில்லை. "என்னம்மா, இன்னைக்குக் கலப்படம்தானே?" என்றார் பாட்சா. "முதல் தரமான கலப்படம்" என்றேன். ஆர்டர் கையெழுத்தாகிவிட்டது.

ஆகவே நீ கேட்ட கேள்விக்கு என் பதில்: தொழில் கௌரவமானது. பையன் நாணயமானவன், அதற்கு நானே சாட்சி. விட்டு வைக்கலாம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் அபிப்பிராயம் மட்டுமே. எனக்குத் தெரியாத பாத்திரத்தில் இனிக் கையை விடுவதில்லை என்று பஞ்சுவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவன் உன் பிள்ளை. நம்பிராஜனின் நாற்காலியா தாராவிக் கொட்டகையா என்று நீயும் ருக்குவும் ஆற அமர யோசித்து முடிவு செய்யுங்கள். நான் குறுக்கே வர மாட்டேன்.

ருக்குவின் முழங்கால் வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவும். உங்கள் இருவருக்கும் ஆயுசும் ஆரோக்கியமும் குறைவில்லாமல் கிடைக்க வேண்டும் என்று விளக்கு முன்னால் வேண்டிக்கொண்டு,

உன் அக்கா,
நாகலக்ஷ்மி

பி.கு.: நாளை சுதந்திர தினம், தபால் எடுக்க மாட்டார்கள். அதனால் இது உனக்குத் தாமதமாகத்தான் வரும். அதற்குள் ஒரு விஷயம் உனக்குத் தெரிந்திருக்கும். நம்பிராஜனுக்குப் புதன்கிழமை, சோதனைக்கு முதல் நாளே, உன் பெயரில் இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதிவிட்டேன். என் மகனுக்குச் சொந்தத் தொழில் இருக்கிறது, அதில் எனக்கு முழு நம்பிக்கை, தயவுசெய்து அந்த இடத்தை வேறு ஒரு ஏழைப் பையனுக்குக் கொடுக்கவும் என்று. உன் கையெழுத்து எனக்கு மூன்றாம் கிளாஸிலிருந்து தெரியும், சிரமம் இல்லை. மாட்டுங்கா தபால் முத்திரை இருக்குமே என்று, சகோதரி மூலம் அனுப்புகிறேன் என்றும் சேர்த்துவிட்டேன். நேற்று நம்பிராஜன் பஞ்சுவைக் கூப்பிட்டு அந்தக் கடிதத்தைக் காட்டினாராம். இங்கே வந்து, "அப்பா என்னை நம்பறார் அத்தை, ஜெயிக்கறதுக்கு முன்னாடியே நம்பியிருக்கார்" என்று சொல்லிக் குழாயடியில் முகம் கழுவப் போனவன் ரொம்ப நேரம் வரவில்லை. அப்படியே உட்கார்ந்து உனக்கு நன்றி சொல்லி எட்டுப் பக்கம் எழுதித் தபாலில் போட்டுவிட்டான். என்ன நன்றி என்று நீ விழிக்காதே. ஒன்றும் விசாரிக்காமல், நன்றாக இரு என்று அவனுக்கு ஒரு கார்டு போடு. முற்றுப்புள்ளி வை.