கம்ப்ரஸர் அண்ணன் போட்ட பீர்

நல்ல செய்தியைச் சாவுச் செய்தி போலச் சொல்வதில் கம்ப்ரஸர் அண்ணனை மிஞ்ச இந்த வளைகுடா முழுக்க ஆள் கிடையாது. எனக்குப் பெண் குழந்தை பிறந்த அன்று நான் குளித்துக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து வந்த போனை எடுத்தவர் அவர். பாத்ரூம் கதவைத் தட்டி, "தம்பி, மனசத் தேத்திக்கிங்க. வீட்டுல ஒண்ணு நடந்துபோச்சு" என்றார். நான் சோப்பு நுரையோடு வெளியே ஓடிவந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, ஒரு பெருமூச்சை முழுசாக விட்டு முடித்த பிறகுதான், "பொம்பளப் புள்ளயாம். ரெண்டு பேரும் நல்லாருக்காங்களாம். இப்போதைக்கு" என்றார். அந்த 'இப்போதைக்கு' என்ற வார்த்தையை என் மனைவி இன்னும் மன்னிக்கவில்லை.

சோஹார் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கிற தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனி. அதை ஒட்டியே நாங்கள் தங்கும் கேம்ப். நான் ஸ்டோரில் கிளார்க், அவர் ஏசி மெக்கானிக். பெரம்பலூர்ப் பக்கத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், சர்க்கரை வியாதிக்காரர். அவர் பெருமூச்சு விட்டால் பழைய ஏசி நின்று மறுபடி ஓட ஆரம்பிக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். அதனால் வந்த பெயர்தான் கம்ப்ரஸர். பாஸ்போர்ட்டில் என்ன பெயர் இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அறையில் நாங்கள் மூன்று பேர். மூன்றாமவன் செல்வம். ராமநாதபுரத்துக்காரன், வெல்டர், கைப்பக்குவம் உள்ள சமையல்காரன். அவன் அப்பா இறந்தபோது அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. தம்பி கொள்ளி வைப்பதை வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்தான். நடுவில் நெட் போய்விட்டது. அன்றிலிருந்து அவனுக்குத் தூக்கமும் போய்விட்டது. வியாழக்கிழமை சாயங்காலமானால் அடுத்த பிளாக்கிலிருக்கும் பிளம்பர்கள் இரண்டு பேரோடு கேம்ப்புக்குப் பின்னால் உள்ள மணல்வெளிக்குப் போவான். அங்கே ஒருவன் காரில் வந்து லேபிள் இல்லாத பாட்டில் விற்பான். அதைக் குடித்தால் அன்று ஒரு நாள் தூங்குவான். அதற்குள் என்ன கலந்திருக்கிறது என்று விற்கிறவனுக்காவது தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம்.

கம்ப்ரஸர் அண்ணனுக்கு இது கொஞ்சமும் ஆகாது. இதற்கு முன் அவர் வேலை பார்த்த ஊரில், பக்கத்துக் கட்டில்காரர் ஒருவர் அந்த மாதிரி பாட்டிலைக் குடித்துவிட்டுப் படுத்தாராம். காலையில் எழுந்து, "ஏம்ப்பா லைட்ட அணைச்சு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாராம். அப்போது ஜன்னல் வெயில் அவர் முகத்திலேயே அடித்துக்கொண்டிருந்ததாம். அண்ணன் இந்தக் கதையை ஒரே ஒரு தடவைதான் எங்களிடம் சொன்னார். அன்றைக்கு மட்டும் அவர் பெருமூச்சு விடவில்லை.

"குடிக்காமப் படுத்தா எங்கப்பா மொகம் வருதுண்ணே. நான் என்ன செய்யட்டும்?" என்று செல்வம் கேட்டான்.

அந்தச் சமயத்தில்தான் ஆஸ்திரேலிய இன்ஜினியர் ஒருவர் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பினார். அவர் வில்லாவுக்கு ஏசி பார்த்தவர் நம் அண்ணன். டிரைவருக்கு டிவி கொடுத்தார், தோட்டக்காரருக்கு சைக்கிள் கொடுத்தார், அண்ணனுக்கு வீட்டிலேயே பீர் போடுகிற செட்டைக் கொடுத்தார். அடியில் குழாய் வைத்த ஒரு பிளாஸ்டிக் பீப்பாய், பார்லியில் எடுத்த, லேகியம் மாதிரி கெட்டியான மால்ட் பாகு டின்கள், ஈஸ்ட், கூடவே வகை வகையாக ஹாப்ஸ் பாக்கெட்டுகள். ஹாப்ஸ் என்பது ஒரு காய்ந்த பூ. பீருக்குக் கசப்பும் வாசனையும் அதனால்தான். குழாயைத் திறந்து கிளாஸில் பிடித்தால் ஓட்டல் டிராஃப்ட் பீர் மாதிரியே இருக்கும் என்று இன்ஜினியர் சத்தியம் செய்தாராம். அண்ணன் எல்லாவற்றையும் 'ஏசி ஸ்பேர்ஸ்' என்று எழுதின அட்டைப்பெட்டியில் வைத்து கேம்ப்புக்குள் கொண்டுவந்துவிட்டார்.

நான் ஓடிப்போய்க் கதவைத் தாழ் போட்டேன். "அண்ணே, மாட்டுனா மூணு பேரு விசாவும் கேன்சல். அடுத்த பிளைட்டு."

"கண்டிப்பா மாட்டுவோம்" என்றார் அவர் நிதானமாக. "பீரும் நல்லா வராது. ஆனா இவன் வாரம் தவறாம அந்த மணலுக்குப் போறானே தம்பி. இதுல என்னா கெடக்குன்னாவது நமக்குத் தெரியும்ல?"

அவர் குடிக்க மாட்டார். சர்க்கரை. வாயில் விட்டுக் கொப்பளித்து வாஷ்பேசினில் துப்பிவிடுவார். ஆகவே அந்த பீர் தேற வேண்டியது செல்வத்தின் நாக்கில் மட்டும்தான். பாட்டிலை விட இது மேல் என்று அவன் வாயால் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு மணல் பக்கம் போகக்கூடாது. அண்ணன் போட்ட திட்டம் அவ்வளவுதான்.

முதல் பீர் சூட்டில் கெட்டது. ஊரிலிருக்கும் ஏசிக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவர், பீப்பாயைக் கொண்டுபோய் வெயில் படும் சுவர் ஓரம் வைத்துவிட்டார். செல்வம் ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுல மாங்கா ஊறப்போடலாம்ண்ணே" என்றான். உடனே அண்ணன் காற்று போகிற ஒரு பழைய டக்ட் குழாயை எங்கள் ஏசியிலிருந்து நேராக அலமாரிக்குள் இழுத்து, பீப்பாயை உள்ளே குடிவைத்தார். அதற்குப் பிறகு ஒரு மாதம் பீப்பாய் போர்வை கேட்கும் குளிரில் இருந்தது. நாங்கள் பனியனைப் பிழிந்து காயப்போட்டோம்.

இரண்டாவது பீர் அலமாரிக்குள் பொங்கிக்கொண்டிருந்தபோது கேம்ப்பை நிர்வகிக்கிற கேம்ப் பாஸ் சோதனைக்கு வந்தார். வடநாட்டுக்காரர், பெரிய மீசை, மோப்பம் பிடிக்கிற மூக்கு. பீப்பாய் மூடியில் வாயு வெளியேற ஒரு சின்னக் குழாய் உண்டு. கேம்ப் பாஸ் கட்டிலுக்கடியில் குனிந்த நேரம் பார்த்து, அலமாரியிலிருந்து 'ப்ளக்' என்று ஒரு சத்தம். அவர் நிமிர்ந்தார். மறுபடி 'ப்ளக்'.

"யே க்யா ஆவாஸ் ஹை?" என்று அது என்ன சத்தம் எனக் கேட்டார்.

அண்ணன் அலமாரிக் கதவில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "மேரா பேட், சாப். பஹூத் கேஸ்" என்று வயிற்று வாயுவின் மேல் பழியைப் போட்டார். சொல்லி முடிக்கவும் மூன்றாவது 'ப்ளக்'. சாகப்போகிறவரின் முகம் அவருக்குப் பிறவியிலேயே வாய்த்தது என்பதால் கேம்ப் பாஸ் துளிகூடச் சந்தேகப்படவில்லை. "அரே பாய், ஜல்தி கிளினிக் ஜாவோ" என்று தன் வண்டியிலேயே ஏற்றி அனுப்பிவைத்தார். அண்ணன் ஒரு பாட்டில் ஜெலுசிலோடு திரும்பி வந்து, "அடுத்த தடவ மாட்டுவோம்" என்றார்.

ஒரு முழு பாக்கெட் ஹாப்ஸை அந்த பீரில் கொட்டியிருந்தார். வேப்பெண்ணெய் தோற்றது. மூன்றாவதற்கு மால்ட் பாகைச் சிக்கனம் பிடிக்க நினைத்து, கடையில் கிடைத்த பேரீச்சம்பழப் பாகையும் கொத்தமல்லி விதையையும் சேர்த்தார். "இருமலுக்குக் கேக்கும்ண்ணே" என்றான் செல்வம், உண்மையிலேயே ஆறுதலாக.

ஒவ்வொரு பீரும் தோற்றபோது அடுத்து வந்த வியாழக்கிழமை அவன் மணலுக்குப் போனான். அவன் திரும்பும்வரை அண்ணன் பிளாக் வாசல்படியில் உட்கார்ந்திருப்பார். வந்ததும் அவன் முகத்துக்கு நேரே விரலை நீட்டி, "எத்தன?" என்பார்.

"மூணுண்ணே. வாராவாரம் இதே வேலையா?"

"பேசாம எண்ணு. இது?"

"ரெண்டு. போதுமா?"

"போய்ப் படு" என்பார். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு வரும், இன்னொரு பக்கம் பயமாக இருக்கும்.

கடைசியில் அண்ணனுக்கு ஒன்று புரிந்தது. பீரைப் போட்டுவிட்டுப் பிடிக்கிறதா என்று கேட்பதை விட, எந்தப் பூ பிடிக்கிறது என்று முதலில் கேட்டுவிடலாம். ஒரு வெள்ளிக்கிழமை காலை, துணி தேய்க்கும் மேஜையில் கிளாஸ்களை வரிசையாக வைத்து, வெந்நீர் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை ஹாப்ஸ் போட்டார். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்த மாதிரி செல்வம் உட்கார்ந்தான்.

"மோந்து பாரு. இது?"

"தலவலித் தைலம்."

"இது?"

"மாட்டுக்கு அறுத்த புல்லு."

"இது?"

செல்வம் முகர்ந்தான். மறுபடியும் முகர்ந்தான். "மழ பேஞ்ச மண்ணு மாதிரி இருக்கு. இது வேணாம்ண்ணே" என்று கிளாஸைத் தள்ளி வைத்தான். அண்ணன் அதை மட்டும் எடுத்துப்போய் வாஷ்பேசினில் கொட்டினார்.

நான்காவதை முகர்ந்ததும் புருவம் உயர்ந்தது. "ஆரஞ்சுத் தோலு வாசன வருதுல்ல? இது பரவால்ல. நல்லாருக்குண்ணே."

செல்வத்தின் வாயிலிருந்து 'நல்லாருக்கு' வந்தது அதுதான் முதல் தடவை. அண்ணனுக்குக் கை கால் ஓடவில்லை. மிச்சமிருந்தது ஒரே ஒரு மால்ட் டின், அந்த வகையில் ஒரே ஒரு பாக்கெட் ஹாப்ஸ். பூவின் வாசனை போய்விடக்கூடாது என்று அதை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அழுத்தி அடைத்து, ஃபிரீஸரில் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் வைத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை விடுமுறையன்று பீர் போடுவதாகத் திட்டம். "இதுவும் வீணாத்தான் போகும்" என்று சொன்னார். ஆனால் சொல்லும்போது பல் தெரிந்தது.

அந்த வாரம் வியாழக்கிழமை சித்திரை முதல் தேதி. அன்று சமைக்கும் முறை செல்வத்துக்கு. வருஷப்பிறப்புக்கு வேப்பம்பூ ரசம் வைக்காவிட்டால் அவனுக்கு மனசு ஆறாது. லீவு முடிந்து வந்த ஊர்க்காரர் கையில் அவன் மனைவி கொஞ்சம் வேப்பம்பூ கொடுத்தனுப்பியிருந்தாள். அதையும் ஃபிரீஸரில்தான் போட்டு வைத்திருந்தான். டூட்டி முடித்து வந்த களைப்பில் ஃபிரீஸரில் கை விட்டான். உதிர்ந்த, காய்ந்த, கசந்த ஒரு பூ கையில் வந்தது. நெய்யில் வறுத்தான், புளித் தண்ணீரில் போட்டான்.

சாப்பிட உட்கார்ந்தோம். அண்ணன் டம்ளரை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் அப்படியே நிறுத்தினார். "இதுல என்னா போட்ட?"

"வேப்பம்பூண்ணே. கொஞ்சம் பழசு போல, வாசன ஒரு மாதிரி இருக்கு."

அண்ணன் எழுந்து போய் ஃபிரீஸரைத் திறந்து பார்த்தார். டப்பா காலி. வேப்பம்பூப் பொட்டலம் பிரிக்காமல் அப்படியே இருந்தது. அவர் திட்டவில்லை, பெருமூச்சும் விடவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு வாசல்படிக்குப் போய்விட்டார்.

செல்வத்துக்கு முகம் செத்துப்போயிற்று. "எனக்காகத்தான் இவ்ளோ நாளா கெடந்து மல்லுக்கட்டுனாரு. நான் அதையும் ரசம் வெச்சுட்டேன்" என்றான். கொட்டினால் இன்னும் வருத்தப்படுவார் என்று நினைத்தானோ என்னவோ, சட்டியோடு எடுத்து அந்தக் கசப்பு முழுவதையும் அவனே குடித்தான். எனக்கு ஒரு கரண்டிகூடத் தரவில்லை. குடித்தவன் சட்டையைக்கூட மாற்றாமல் கட்டிலில் சாய்ந்தான். சாய்ந்தவன்தான். பிளம்பர்கள் வந்து ஜன்னலைத் தட்டி, "செல்வம், வாடா" என்று கூப்பிட்டார்கள். அவன் அசையவில்லை. அவர்கள் பார்த்துவிட்டு, அவனில்லாமலே போனார்கள். அந்தப் பூவுக்குத் தூங்கவைக்கும் குணம் உண்டு, இங்கிலீஷ்காரர்கள் தலையணைக்குள் வைத்துத் தைப்பார்கள் என்று அண்ணன் எப்போதோ சொல்லியிருந்தார். பூவா, வாரக்கணக்கான களைப்பா, எனக்குத் தெரியாது.

காலையில் கேம்ப்பே வாசலில் நின்றது. மணலில் குடித்த பிளம்பர்கள் இரண்டு பேரையும் ஆம்புலன்ஸில் கொண்டுபோயிருந்தார்கள். ஒருவர் ஆஸ்பத்திரி சேரும் முன்பே இறந்துவிட்டார். இன்னொருவருக்குக் கண் தெரியவில்லை.

நான் அறைக்கு ஓடினேன். செல்வம் வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவன் கட்டிலருகே தரையில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். எனக்கு முன்னாலேயே அவருக்குச் செய்தி தெரிந்திருந்தது.

"எழுப்பட்டுமாண்ணே?" என்றேன்.

"வேணாம். தூங்கட்டும்."

ஒரு விரலை அவன் மூக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தார். மூச்சு வருகிறதென்று தெரிந்ததும் எடுத்தார். குறட்டை அடுத்த அறைவரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. இருந்தாலும் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி விரலைக் கொண்டுபோனார். இப்படியே உச்சி வெயில்வரை உட்கார்ந்திருந்தார். டீகூடக் குடிக்கவில்லை. எனக்கும் அவரை அங்கிருந்து கூப்பிட மனசு வரவில்லை. எதிர்க்கட்டிலில் நானும் உட்கார்ந்துகொண்டேன்.

செல்வம் கண்ணைத் திறந்தபோது விரல் மூக்கின் கீழேயே இருந்தது. அவனுக்கு இன்னும் எதுவும் தெரியாது. "என்னண்ணே, மூக்குக்கிட்ட கைய வெச்சுக்கிட்டு?" என்றான்.

அண்ணன் கையை வெடுக்கென்று எடுத்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். "ஈ உக்காந்துச்சு."

சாத்தின அறை, ஏசி ஓடிக்கொண்டிருந்தது, ஈ எறும்பு எதுவும் கிடையாது. செல்வம் என்னைப் பார்த்தான்.

"ஆமா செல்வம்" என்றேன். "பெரிய ஈ."