ஆறாம் வகுப்பில் நான் பங்கிட்ட கச்சாயம்

அன்பு மகன் நவீன்குமாருக்கு,

வண்டிப்பெரியாரிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே மழை சௌக்கியம். அங்கே எருத்தேன்பதியில் நீயும் தென்னைகளும் சௌக்கியமாயிருக்க மாரியம்மன் துணை. போனில் சொன்னால் பாதியிலேயே "செரிங்கம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன்.

மருமகளுக்கு இந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்றல் வந்தது, சரி. ஆனால் புதுப் பள்ளியில் சேர்த்ததிலிருந்து தமிழ்ப்ரியா தனியாகத்தான் சாப்பிடுகிறாள். கூடப் படிக்கிற பிள்ளைகளை நம்மூர் வழக்கப்படி "வாங்க, போங்க" என்றாளாம். "ஏட்டி, கலெக்டரம்மா வந்துட்டாங்க" என்று சிரித்திருக்கிறார்கள். அன்றோடு வாயை மூடிக்கொண்டாள். நான் படித்தது ஐந்தாவதுதான், ஆனால் அந்த ஐந்து வகுப்பிலும் எனக்குச் சிநேகிதிகளுக்குக் குறைவில்லை, ஆகையால் இந்த வேலை நமக்குத் தெரிந்ததுதானே என்று வெல்லப்பாகு காய்ச்சி, ஒரு தூக்குப்போசி நிறையக் கச்சாயம் சுட்டு எடுத்துக்கொண்டு நேராக வகுப்புக்குள் போனேன். டீச்சர், "அம்மா, கணக்கு நடக்குது" என்றார். "நீங்க நடத்துங்க கண்ணு, நான் ஓரமா குடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, எல்லோருக்கும் ஒன்று, என் பேத்தியோடு சேர்ந்துகொள்கிறவர்களுக்கு இரண்டு என்று அறிவித்தேன். வகுப்பே சேர்ந்துகொண்டது. முன்வரிசையில் ஒருத்தி இரண்டு தடவை சேர்ந்துகொண்டாள். போசி காலியானதும் அவரவர் இடத்துக்குப் போய்விட்டார்கள். நம் பிள்ளை மேசையில் கவிழ்த்த முகத்தை நான் வெளியே வரும்வரை நிமிர்த்தவில்லை.

சாயங்காலம் வந்து, "எதுக்குங்க ஆத்தா வந்தீங்க? இனி அந்தப் பள்ளிக்கொடத்துக்குப் போவ மாட்டனுங்க" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தேற்றியிருப்பேன். மறுநாளிலிருந்து போகவும் இல்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுத்து வா, இரண்டு பேரும் ஊருக்கே வந்துவிடுகிறோம். இங்கே பள்ளிக்கூடம் சரியில்லை, மழை சரியில்லை, வெல்லம்கூடப் பாகுக்கு வரமாட்டேன் என்கிறது.

குலதெய்வம் உன்னைக் காக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
பூவாத்தாள்

பி.கு.: வண்டி எடுக்காதே. இதைத் தபாலில் போடக் கிளம்பினால், வாசலில் சிவசங்கரி என்று ஒரு பெண். இவள் வகுப்புதான். ஏன் வரவில்லை என்று பார்க்க வந்தாளாம். தமிழ்ப்ரியா முகமே கொடுக்கவில்லை. அந்தப் பெண், "இதுக்கா நீ வராம இருக்க? எங்க அம்மாச்சி போன வருசம் மழையில கிளாசுக்குள்ளயே வந்து, எல்லாரும் பாக்க எனக்குத் தலை துவட்டி விட்டுச்சு. உங்க ஆத்தாவாவது தின்னக் குடுத்தாங்க" என்றாள். "நெசமாவா?" என்றாள் நம் பிள்ளை. இரண்டு பேரும் உள்ளே போய் வெகுநேரமாகிறது. எந்தக் கிழவி மோசம் என்று போட்டி போட்டுச் சிரிக்கிறார்கள். என்னைப் பற்றி இவள் சொல்வதில் பாதி பொய். திருத்தலாம் என்று எழுந்தேன், திரும்ப உட்கார்ந்துவிட்டேன்.