நான் தூக்கிக்கொண்டு ஓடிய கிளி

பட்டாசு செய்கிற எங்கள் பக்கத்து ஆட்கள் வெடிச் சத்தத்துக்கு அசைய மாட்டார்கள் என்று வெளியூரில் நினைக்கிறார்கள். தீபாவளியன்று வந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். கோடை விடுமுறையில், நடுப்பகலில், கேட்கக்கூடாத நேரத்தில் ஒரு ‘டப்’ கேட்கட்டும். தலை வாரிக்கொண்டிருப்பவள் சீப்போடு ஓடுவாள். சாப்பிட்டுக்கொண்டிருப்பவன் கையில் சோற்றோடு ஓடுவான். நான் எதோடு ஓடினேன் என்பதுதான் விஷயம்.

அப்போது நாரணாபுரத்தில் ஒரு பட்டாசு கம்பெனியில் போர்மேனாக இருந்தேன். தினமும் வேலை தொடங்குமுன் எல்லாரையும் நிறுத்திவைத்து ஒரே பாடத்தை ஒப்பிப்பேன்: “சத்தம் கேட்டா என்ன ஏதுன்னு பாக்கக் கூடாது. போட்டது போட்டபடி வெளிய ஓடணும்!” (சொல்லும்போது மீசை தனியாகத் துடிக்கும். எனக்கே என்னைப் பிடிக்கும்.)

அந்த மே மாதம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் பிள்ளைகளுக்குக் கோடை முகாம் நடந்தது. காலையில் கம்பெனிக்குப் போகிற அம்மாமார் விட்டுவிட்டுப் போய், சாயங்காலம் கூட்டிப்போவார்கள். பாட்டு, களிமண் பொம்மை, மதியம் தக்காளிச் சாதம். என் மகள் பூரணிக்கு அப்போது ஆறு வயது. வீட்டுக்குள் வாய் ஓயாது. வெளியாள் ஒருவர் தலை தெரிந்தால் அம்மா சேலைக்குள் போய்விடுவாள். அவளைப் போய் நிறைவு விழாவில் தனியாக ஒரு கிளிப்பாட்டுப் பாடச் சொல்லிவிட்டார்கள்.

முந்தின நாள் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு கேட்டாள்: “அப்பா, நீங்க முன் வரிசையில இருப்பீகளா? உங்க மூஞ்சியப் பாத்துப் பாடுனா பயமா இருக்காது.”

“இருக்கேன் தாயி. எந்திரிக்கவே மாட்டேன்.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். மகள் பாடப்போகும் மேடையாயிற்றே! பாசம் பொங்கிவிட்டது. பலூன் கட்டும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். கன்னம் வலிக்க ஊதினேன். ஒவ்வொன்றும் பூசணிக்காய் அளவு. அத்தனையையும் கொத்துக் கொத்தாகத் தகரக் கூரையை ஒட்டிக் கட்டினேன். வெயில் ஏறினால் வெடிமருந்து வேலையை நிறுத்தச் சொல்லிக் கத்துகிற ஆளுக்கு, வெயிலில் பலூன் என்ன ஆகும் என்று தோன்றவே இல்லை.

விழா நாள். மண்டபம் நிறைய எங்கள் கம்பெனி ஆட்கள், குடும்பத்தோடு. மேடை நிறையக் கிளிகள். அச்சாபீசில் கழித்துப்போட்ட பச்சை அட்டையில் முகமூடி, பச்சைத் தாளில் சிறகு. எது யார் பெற்றது என்று பெற்றவர்களுக்கே தெரியாது.

நடுக் கிளி முன்னால் வந்தது. முகமூடி ஓட்டை வழியே என்னைத் தேடிக் கண்டுபிடித்தது. வாயைத் திறந்தது.

டப்.

அதைத் தொட்டு இன்னொன்று. பிறகு சரவெடி.

மண்டபம் காலியான வேகத்தை முதலாளி பார்த்திருந்தால் எனக்குச் சம்பளம் கூட்டியிருப்பார். போட்டது போட்டபடி ஓடினார்கள்: செருப்பு, தூக்குவாளி, யாரோ ஒருவரின் பல்செட். நான் மேடையில் பாய்ந்து, கலைந்து ஓடிய கிளிகளில் கைக்கு வந்ததை வாரி எடுத்துக்கொண்டு, ரோட்டைத் தாண்டி, கருவேல மரங்கள் வரை ஓடினேன். பிள்ளை கனத்தது. முகாமில் நன்றாகத்தான் சோறு போடுகிறார்கள் என்று ஓடிக்கொண்டே மனசுக்குள் பாராட்டினேன்.

இறக்கிவிட்டு, மூச்சு வாங்க, “பயப்படாத தாயி, அப்பா இருக்கேன்” என்றேன்.

கிளி முகமூடியைத் தூக்கியது. முன்பல் இரண்டும் இல்லை. “மாமா, நான் தாயி இல்ல. முருகேசன்.”

பின்னாலேயே ஓடிவந்த அவன் அம்மா முத்துலட்சுமி, எங்கள் பேக்கிங் ரூமில் வேலை பார்ப்பவள், கும்பிட்ட கையை இறக்கவில்லை. “போர்மேன் அண்ணாச்சி! பெத்த பிள்ளைய விட்டுட்டு எம்பிள்ளையத் தூக்கியாந்தீகளே! நீங்க நல்லா இருக்கணும்!”

அந்த நேரம் பார்த்து என் மனைவி செல்வி வந்து சேர்ந்தாள். முருகேசனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“நம்ம பிள்ள எங்க?”

மண்டபத்துக்குத் திரும்பி ஓடினேன். சத்தம் அடங்கியிருந்தது. ரப்பர்த் துணுக்குகள் செம்பருத்தி இதழ்களாகச் சிதறிக் கிடந்த மேடையில், நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள் பூரணி. சிறகு மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

“ஏன் தாயி ஓடல?”

“நீங்க எந்திரிக்க மாட்டேன்னு சொன்னீகள்ல? எந்திரிச்சுட்டீக. அதான், திரும்பி வருவீகன்னு நின்னேன்.”

ஊரையே ஓடப் பழக்கியவனுக்கு அதற்குமேல் நிற்க முடியவில்லை. போய் முன் வரிசையில் உட்கார்ந்தேன். அவள் பாடினாள். கூரையில் மிச்சமிருந்த ஒரு பலூன் நடுவில் வெடித்தது. நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டேன். வாசலில் ஒவ்வொருவராக வந்து நின்று கேட்டார்கள், செருப்பில்லாத காலோடு.

போன வைகாசியில் பூரணிக்குக் கல்யாணம். பெண்ணை மேடைக்கு அழைத்துவரப் போனபோது செல்வி என் காதில், “மூஞ்சிய நல்லாப் பாத்துக் கூட்டிட்டு வாங்க” என்றாள். முறுக்கு மீசையோடு சாம்பார் வாளி தூக்கிக்கொண்டிருந்த முருகேசன் கேட்டான், “மாமா, என்னைய ஒருக்கா தூக்குறீகளா?” முத்துலட்சுமி மட்டும் சம்பந்தி வீட்டாரிடம் என் தியாகத்தைக் கண்கலங்க விவரித்துக்கொண்டிருந்தாள். அவளை இன்றுவரை நாங்கள் யாரும் திருத்தவில்லை.

சடங்கு முடிந்து இறங்கி, முன் வரிசையில் உட்கார்ந்தேன். வாசலில் பத்தாயிரம் வாலா கொளுத்தினார்கள். மேடையிலிருந்து பூரணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்திருக்கவில்லை.