சம்பந்தியம்மாவுக்கு நான் எழுதிய தர அறிக்கை

சத்துவாச்சாரி,
13.10.2003

அன்பு மகள் ஃபீபிக்கு,

அப்பா தேவசகாயம் எழுதிக்கொண்டது. கர்த்தரின் கிருபையால் நானும் அம்மாவும் நலம். நார்வேயின் குளிரில் நீயும் உன்னைக் கட்டப்போகும் லார்ஸ் தம்பியும் நலமாயிருக்க ஜெபிக்கிறோம். நலம் என்று எழுதிவிட்டேனே தவிர, நீ "நான் இன்னா தோலாப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்த பிறகு, மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக நம் வீட்டில் மணி அடிக்கவில்லை. லைன் கெட்டுவிட்டதோ என்று பக்கத்து வீட்டிலிருந்து நானே அடித்துப் பார்த்தேன். நன்றாக அடிக்கிறது. உன் அம்மா ஓடி வந்து எடுத்து, "ஃபீபியா?" என்றாள். பதில் சொல்லத் தைரியம் இல்லாமல் வைத்துவிட்டேன்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். உன் வருங்கால மாமியாருக்கு ஆங்கிலத்திலேயே எழுதியிருக்கலாம். கல்யாணப் பேச்சு நடக்கும் நேரத்தில் அவர்கள் மொழியில் பெண்ணைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதுவதுதான் மரியாதை என்று எனக்குத் தோன்றிவிட்டது. தமிழில் நல்ல பையன், நல்ல பெண், நல்ல மாடு, நல்ல மாடுகள். 'நல்ல' இருந்த இடத்திலேயே இருக்கிறது. அந்த மொழியில் பெயரடை அப்படி நிற்காது. பெயர்ச்சொல்லின் பாலைப் பார்த்து வாலில் ஒரு 'ட்' ஒட்ட வேண்டும், பன்மையானால் 'எ' ஒட்ட வேண்டும், ஒருமையே ஆனாலும் 'அந்த' என்று சுட்டிவிட்டால் மறுபடியும் 'எ'. பெரிய என்பதற்கு ஸ்டூர், ஸ்டூர்ட், ஸ்டூரே. 'சிறிய' என்பதற்கு மட்டும் ஐந்து வடிவம். அதற்குப் பயந்து, நம் வீடு சிறியது என்று எழுத வேண்டிய இடத்தில் பெரியது என்று எழுதிவிட்டேன். நீ அனுப்பிய இலக்கணப் புத்தகத்தில் காருக்கும் ஆப்பிளுக்கும்தான் பெயரடை இருக்கிறது. 'சிவப்பு', 'வேகமான' என்பவற்றை வைத்துக்கொண்டு பெண்ணைப் பற்றி என்ன எழுதுவது?

ஆகவே ஆம்பூருக்குப் பஸ் ஏறி, டேனரியில் என்னோடு முப்பது வருடம் தோல் தரம் பிரித்த இஷ்தியாக் அகமதைப் பார்த்தேன். நாங்கள் ஷூ தோல் அனுப்பிய நார்வே கம்பெனி, ஒரு பக்கம் ஆங்கிலமும் மறுபக்கம் அவர்கள் மொழியுமாக அனுப்பிய தர அறிக்கைகளை அவர் கட்டி வைத்திருந்தார்.

"பொண்ணப் பத்தி எழுதறதுக்கு இதையா தேடிட்டு வந்தீங்க, சார்?" என்றார்.

"வார்த்தை வார்த்தைதானே, பாய். வால் சரியா இருந்தா போதும்."

"வால் சரி சார். தலைய ஒரு வாட்டி பாத்துக்கங்க."

நான் பார்க்கவில்லை. மூன்று வாரம் வாலையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடிவில் போனது இதுதான்: எங்கள் மகள் மிருதுவானவள், சீரான கனமுள்ளவள், மடக்கினாலும் வெடிக்காதவள், துளை, வெட்டு, உண்ணிக்கடி எதுவும் காணப்படவில்லை, முதல் தரம். வாலெல்லாம் சரியாகத்தான் இருந்தது. உன் மாமியார் அதை உன்னிடம் காட்டிய பிறகு, நீயும் அதை ஒப்புக்கொண்டுதான் போனில் கத்தினாய். உன் அம்மாவோ, "பொண்ணு குடுக்கறோமா, பார்சல் அனுப்பறோமா? அந்தம்மா வேணாம்னு சொல்லிட்டா இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டுவிட்டு என் தட்டில் சோற்றை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

எனக்குத் தெரியவில்லை, மகளே. எங்கள் தொழிலில் புகழ்ச்சி கிடையாது. குறை இருந்தால் எழுதுவோம், இல்லாவிட்டால் கட்டத்தை வெறுமையாக விடுவோம். அந்த வெற்றுக் கட்டம்தான் எங்கள் பாராட்டு. வீட்டிலும் அப்படியே இருந்துவிட்டேன். நீ நர்சிங்கில் முதலாவதாக வந்தபோது மார்க் ஷீட்டை வாங்கி, பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துத் திருப்பிக் கொடுத்தேன். நீ சிறிது நேரம் நின்றுவிட்டு உள்ளே போனாய். வாலே இல்லாத நம் பெயரடையை அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். இப்போது சொல்கிறேன். நீ நல்ல பெண், ஃபீபி. தைரியமான பெண். என் தகுதிக்கு மீறிய பெண்.

இனி அந்த மொழியில் ஓர் எழுத்தும் எழுத மாட்டேன். இந்தக் கிழவனுக்காகச் சம்பந்தம் நின்றுவிடக் கூடாது என்று அவர்களிடம் நீயே உன் வார்த்தையில் சொல். கர்த்தர் உங்கள் இருவரையும் தம் செட்டைகளின் கீழே வைத்துக் காப்பாராக.

உன் அப்பா,
தேவசகாயம்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் தபால்காரர் வந்துவிட்டார். உன் மாமியாரின் கடிதம், ஆங்கிலத்தில். பெண்ணை இத்தனை நுணுக்கமாகக் கவனித்த தகப்பனை அவர் கண்டதில்லையாம். பதிலுக்குத் தன் மகனின் அறிக்கையை அனுப்பியிருக்கிறார்: கடினமானவன், மெதுவாகத்தான் இளகுவான், இடது முழங்காலில் தழும்பு உண்டு, அதிக நேரம் ஈரத்தில் விடக் கூடாது. குறையை மறைக்காத குடும்பம், தைரியமாக எடுத்துக்கொள்ளலாம் என்கிறார், போனில் கேட்ட இஷ்தியாக் பாய். மேலே வருத்தப்பட்டதையெல்லாம் வாபஸ் வாங்குகிறேன். 'நல்ல பெண்' என்றதை மட்டும் அப்படியே விடுகிறேன். அவர்கள் மொழியிலேயே பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். நானும் அம்மாவும் சேர்ந்து நன்றி சொல்வதால் 'நன்றியுள்ள' என்பதில் 'எ' ஒட்ட வேண்டும் அல்லவா? புத்தகத்தில் இருக்கிறது. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை போன் செய்து நீ சொன்னால்தான் ஒட்டுவேன்.