மணந்து கண்டுபிடிச்ச பேஸ்போல் கார்ட்

அண்டைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்டே ஒண்டுதான். ரெண்டு பேஸ்போல் கார்ட்டைப் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாக்கிறது.

தொண்ணூறுகளில ரொறன்ரோ முழுக்கப் பேஸ்போல் பைத்தியம். அது என்ர மனுசனுக்கும் தொத்தியிட்டுது. எங்கயோ ஒரு வீட்டுக்காரர் பழைய சாமான் வித்த கராஜ் சேலில, ஆட்டக்காரற்ற படம் போட்ட இருபது வருசப் பழைய கார்ட் ஒண்டை எடுத்திட்டு வந்தார். அதில இருந்தவர் ஒரு ரிலீஃப் பிச்சராம்.

"முதல் எறியிறவன் களைச்சுப்போக, கடைசியில வந்து எறியிறவனப்பா."

"அப்ப மிச்ச நேரம்?"

"சும்மா இருப்பான்."

நல்ல வேலை!

மிசிசாகாவில இவரோட வேலை செய்யிற ஒருத்தர் அந்தக் கார்ட்டுக்கு ஆசைப்பட்டார். நல்ல கொண்டிஷன் எண்டால் ரெண்டு மட்ச் ரிக்கற் தாறாராம். மல்வேர்னில ஒரு கடையில அதே கார்ட் இன்னொண்டு இருக்கு. இவருக்குச் சனிக்கிழமையும் வேலை.

"இஞ்சரப்பா, நீர் கொண்டுபோய் ஒப்பிட்டுப் பாரும். மூலையள் கூரா இருக்கோ, மடிப்புக் கிடிப்பு இருக்கோ எண்டு பாத்து, எது நல்லது எண்டு சொன்னாக் காணும்."

பஸ்ஸில போனன். வழியில வதனி அக்கா வீட்டை இறங்கி, அவ வறுத்து அரைச்ச மிளகாய்த்தூளையும் வாங்கி கார்ட் இருந்த ஹான்ட்பாக்குக்கயே வைச்சன். அங்கதான் பிழைச்சது.

கடைக்காரர் தாடி வைச்ச பெரிய வெள்ளைக்காரர். பிறந்த பிள்ளையைக் கிடத்துற மாதிரித் தன்ர கார்ட்டைக் கண்ணாடி மேசையில வைச்சார். நான் பாக்கைத் திறந்தன்.

தூள் பையின்ர முடிச்சு அவிண்டு கிடக்கு!

கார்ட்டைத் தட்டித் துடைச்சு, அவற்ர கார்ட்டுக்குப் பக்கத்தில வைச்சதுதான் தாமதம்...

ஹச்சூ!

என்ர தும்மலில ரெண்டு கார்ட்டும் பறந்து நிலத்தில.

அவர் முழங்கால் குத்திப் பொறுக்கினார். "இதில எது உன்ரை?"

பாத்தன். ஒரே தொப்பி. ஒரே மீசை. ஒரே முழி.

"தெரியேல்லை."

"எனக்கும் தெரியேல்லை!" வெள்ளைக்காரர் இன்னும் வெள்ளையாப் போனார்.

வீட்டை போய் இவருக்கு என்னத்தைச் சொல்லுறது? திடீரெண்டு மூளை வேலை செய்தது.

"மணந்து பாருங்கோ! என்ரை தூள் மணக்கும்!"

மனிசன் என்னை ஒரு மாதிரிப் பாத்தார். பிறகு ஒரு கார்ட்டை மூக்கடியில பிடிச்சார். ஒண்டுமில்லை. மற்றதைப் பிடிச்சார்.

ஹச்சூ!

"இதுதான் உன்ரை!" எண்டு கத்தினார்.

நான் துள்ளிக் குதிச்சன். கடையில நிண்டவை கைதட்டிச்சினம். ஒரு கிழவர் தானும் பாக்கவேணும் எண்டு வாங்கி மணந்து, அவரும் தும்மி, "உங்கட வீட்டில என்ன சமைக்கிறனீங்கள்?" எண்டு கேட்டார். சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயித்துக்குத்து.

வெற்றியோட வீட்டை வந்தன். இவர் வேலையால வந்து வாசலிலயே நிண்டார்.

"எது நல்லது?"

அப்பதான் விளங்கிச்சு. மூலையும் பாக்கேல்லை. மடிப்பும் பாக்கேல்லை.

"எங்கடைதான்," எண்டன். "திறமான மணம்!"

மிசிசாகாக்காரர் மணந்து பாக்கேல்லை. மூலையைத்தான் பாத்தார்.

மட்ச்சை நாங்கள் ரீவியில பாத்தம்.