பை நிரம்பாத புல்வெட்டி

தோட்டத்தை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வண்டியை நிறுத்தி, பின்னால் இருந்த இலைப் பையைத் திறந்து பார்த்தார் டெல்மர். உள்ளே ஒரு கைப்பிடி மேப்பிள் இலை. மிச்ச இலையெல்லாம் வண்டி போன வழியெங்கும் வால் மாதிரி நீளமாகக் கிடந்தது.

"லொரீன்! பை காலியா இருக்கு!" என்று கத்தினார்.

சமையலறை ஜன்னல் திறந்தது. "அதுக்கு நான் என்ன பண்ணணும்? நான் வந்து உள்ள உக்காந்துக்கவா?"

"மூணு மணிக்கு அந்தம்மா வண்டியைப் பாக்க வருது!"

"வரட்டுமே. வாங்கலைன்னா வெண்டல் இருக்கான்ல?" ஜன்னல் மூடிக்கொண்டது.

அதுதான் விஷயமே. வீட்டை விற்றாயிற்று. அடுத்த வாரம் இண்டியானாவின் இந்த மூலையை விட்டு, மகள் இருக்கும் ஊரில் ஒரு அபார்ட்மென்டுக்குக் குடிபோகிறார்கள். அங்கே புல் என்றால் ஜன்னலோரத் தொட்டியில் இருப்பதுதான். சாமானெல்லாம் ஒவ்வொன்றாகப் போய்விட்டது. உட்கார்ந்து ஓட்டும் இந்தப் புல்வெட்டி மட்டும்தான் பாக்கி. லொரீன் தீர்ப்பு சொல்லிவிட்டாள்: இன்றைக்கு வருகிற அம்மாள் வாங்கவில்லையென்றால், வண்டி அவளுடைய அண்ணன் வெண்டலுக்கு. சும்மா.

வெண்டலுக்குச் சும்மா கொடுப்பதை நினைத்தாலே டெல்மருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து ஏணி போனது, பனி தள்ளும் மெஷின் போனது, மீன்பிடிப் படகும் போனது. எல்லாம் "ஒரு வாரத்துல தந்துடறேன் மாப்ள" என்று போனவை. படகில் இப்போது பெரிய எழுத்தில் வெண்டல் என்றே பெயர் எழுதியிருக்கிறது. இந்த வண்டியையும் அவன் ஓட்டிக்கொண்டு போவதைப் பார்ப்பதற்குப் பதில் அதைக் குளத்தில் தள்ளிவிடலாம் என்றிருந்தார் டெல்மர்.

அந்த வெண்டல் காலையிலேயே வந்து, வாசல் வராந்தாவில் காப்பியும் கையுமாக உட்கார்ந்திருந்தான். "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றான். சும்மா பார்க்க வந்தவனின் வண்டியில், புல்வெட்டியை ஏற்றப் பலகையும் கட்டக் கயிறும் இருந்தன.

"விளம்பரத்துல என்ன எழுதினே மாப்ள?"

"இலை ஒண்ணு விடாம வாரும்னு எழுதினேன்."

வெண்டல் காப்பி புரையேறும்படி சிரித்தான். பிறகு எழுந்து வந்து வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தான். "இலை ஈரமா இருக்குல்ல? பைக்குப் போற குழாய்ல அடைச்சுக்கிட்டிருக்கும், பாரு."

பார்த்தால் நிஜமாகவே அடைத்துக்கொண்டிருந்தது. டெல்மர் குச்சியை விட்டுக் கூழாய்ப் போயிருந்த இலையை இழுத்துப் போட்டார். மறுபடி ஓட்டியதும் பையில் கால்வாசி ஏறியது. வெண்டல் சொன்னதில் முதல் வார்த்தை உண்மையாகிப் போனதுதான் பெரிய ஆபத்து. அதற்குப் பிறகு அவன் சொன்னதையெல்லாம் டெல்மர் நம்பிவிட்டார்.

"இன்னும் ஏறணும்னா பிளேடு இருக்கிற அடித்தட்டை இறக்கு மாப்ள. நல்லா தரையோட ஒட்டணும்."

இறக்கினார். புல்வெட்டி தரையோடு ஒட்டியது. இலையும் வந்தது, புல்லும் வந்தது, புல்லுக்குக் கீழே இருந்த மண்ணும் வந்தது. தோட்டத்தின் நடுவே வாசலிலிருந்து வேலிவரை ஒரு நீளமான வழுக்கை விழுந்தது.

ஜன்னல் திறந்தது. "டெல்மர்! வீட்டை வாங்கினவங்க திங்கக்கிழமை வராங்க!"

"சரி பண்ணிடலாம் லொரீன்!"

"எதை? மண்டையில முடி நடறாப்ல நடுவியா?"

டெல்மர் அடித்தட்டைத் தூக்கி வைத்தார். "இப்ப என்னடா பண்றது?" என்று வெண்டலைக் கேட்டுவிட்டு, கேட்டதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டார்.

"பிளேடு மழுங்கியிருக்கும். கழட்டு, தீட்டிடுவோம்."

கழற்றினார்கள். தீட்டினார்கள். மாட்டுகிற நேரத்தில்தான் சந்தேகம் வந்தது. பிளேடின் பின்பக்க ஓரம் சற்றே மடிந்திருந்தது. அந்த மடிப்பு மேலே பார்க்க வேண்டுமா, கீழே பார்க்க வேண்டுமா?

"கீழதான். இதென்ன கேள்வி? அது கரண்டி மாதிரி. இலையைக் கீழேர்ந்து அள்ளி மேல போடும்."

கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. கீழே பார்க்கும்படி மாட்டிவிட்டு, டெல்மர் உற்சாகமாக வண்டியைக் கிளப்பி வராந்தா ஓரமாக ஓட்டினார். கரண்டி எதையும் அள்ளவில்லை. காற்றைத் தரையைப் பார்த்து அடித்தது. தரையில் கிடந்த இலையெல்லாம் வண்டிக்கு அடியிலிருந்து பக்கவாட்டில் சீறிக்கொண்டு எழுந்து வராந்தாவுக்குள் போனது.

வராந்தா மேஜையில் தேவாலய விற்பனைக்காக லொரீன் விடியற்காலையில் எழுந்து செய்த கேரட் கேக்குகள் இருந்தன. வெள்ளை வெளேரென்று கிரீம் தடவி, இறுகுவதற்கு வைத்திருந்தாள்.

இந்த முறை ஜன்னல் திறக்கவில்லை. கதவே திறந்தது. லொரீன் வெளியே வந்து நின்றாள். கேக்குகளைப் பார்த்தாள். சிவப்பு இலை, மஞ்சள் இலை, நடுநடுவே புல். ஒரு கேக்கின் உச்சியில் புழு ஒன்று நிதானமாக நடை பழகிக்கொண்டிருந்தது.

"லொரீன், நான்..."

"பேசாதே."

"அந்த மடிப்பு மேல பாத்து இருக்கணும்போல. மேல காத்தை இழுக்கிறதே அதுதான்..."

"பேசாதேன்னு சொன்னேன்ல? வெண்டல், வண்டியை ஏத்துடா."

வெண்டல் கயிற்றை எடுக்கப் போய்விட்டான்! டெல்மர் வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். "இன்னும் மூணு மணி ஆகலை லொரீன்! சொன்னா சொன்ன மாதிரி நட!"

லொரீன் கடிகாரத்தைப் பார்த்தாள். வாக்குத் தவறுகிற குடும்பமில்லை அவளுடையது, வெண்டலைத் தவிர. "மூணு அடிச்சதும் வண்டி அவனுக்கு" என்று சொல்லிவிட்டு, கேக்கில் இருந்து இலை பொறுக்க உட்கார்ந்தாள்.

டெல்மர் மண்டியிட்டுப் பிளேடைத் திருப்பி மாட்டினார். ஓட்டிப் பார்த்தார். அப்பாடா, இலை குழாயில் ஏறும் சத்தம் கேட்டது! ஆனால் பையின் வலைத்துணி வழியாகத் தூசி புகைபோலக் கிளம்பியது.

"காத்தெல்லாம் வீணாப் போகுது மாப்ள" என்றான் வெண்டல். டெல்மர் வேண்டாம் என்பதற்குள் ஒரு பிளாஸ்டிக் விரிப்பைக் கொண்டுவந்து பையைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டான். காற்று வெளியே போக வழியில்லை. பை பலூனாக உப்பியது. இலை பாதிக் குழாய்வரை வந்து திரும்பி டெல்மரின் பிடரியில் அடித்தது.

"அப்ப இஞ்சின் வேகம் பத்தலை!" வெண்டல் இதற்குள் இஞ்சின் மூடியைத் திறந்து, வேகத்தை அடக்கி வைக்கும் சின்ன ஸ்பிரிங்கைப் பிடித்து இழுத்து வேறு ஓட்டையில் மாட்டிவிட்டான். "இப்பப் பாரு!"

பார்த்தார். பார்ப்பதைத் தவிர வேறெதற்கும் நேரமில்லை. இஞ்சின் ஒரு கூச்சல் போட்டது. வண்டி டெல்மரைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது.

"நிறுத்து மாப்ள!"

"எப்படிடா நிறுத்தறது!"

மேப்பிள் மரம் நேரே வந்தது. டெல்மர் ஸ்டியரிங்கை ஒடித்தார். வண்டி இரண்டு சக்கரத்தில் சாய்ந்து, ஈர இலையில் சறுக்கி, மரத்தைச் சுற்றிக்கொண்டு வந்தது. அடுத்து தபால் பெட்டி. அதற்கும் லொரீனின் காருக்கும் நடுவில் இருந்த இடத்தில் ஒரு ஆள் நுழைவதே கஷ்டம். வண்டி நுழைந்தது. வழுக்கை விழுந்த மண்ணில் குதித்தது. பை வெடித்துக் கழன்று வானத்தில் எழும்பி, சேர்ந்திருந்த இலையையெல்லாம் வெண்டலின் தலையில் கொட்டிவிட்டுப் போய்க் கவிழ்ந்தது. டெல்மர் "யாஹூ!" என்று கத்தினார். ஏன் கத்தினார் என்று அவருக்கே தெரியவில்லை. பயமாகத்தான் இருந்தது, ஆனால் இவ்வளவு சந்தோஷமாக இருந்தும் ரொம்ப வருஷம் ஆகியிருந்தது. மூன்றாவது முறை மரத்தைச் சுற்றும்போதுதான் சாவி ஞாபகம் வந்தது. திருப்பினார். வண்டி இருமிவிட்டு நின்றது.

அப்போதுதான் சாலையோரம் நின்றிருந்த டிரக்கைக் கவனித்தார். பின்னால் ஒரு டிரெய்லர். டிரக்கின் முன்பக்கம் சாய்ந்தபடி, தொப்பி போட்ட உயரமான ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள்.

"நான் ரொக்ஸான். வண்டி பாக்கறதுக்காகப் போன் பண்ணினேனே."

"எவ்வளவு நேரமா நிக்கிறீங்க?"

"முதல் சுத்துலேர்ந்து."

எல்லாம் போயிற்று என்று டெல்மருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் பொய் சொல்ல மனம் வரவில்லை. வண்டியிலிருந்து இறங்கி நேரே அவள் முன்னால் போய் நின்றார். "அம்மா, விளம்பரத்துல நான் எழுதினது தப்பு. இது இலை வாராது. காலையிலேர்ந்து பாடுபடறேன், வாரவே மாட்டேங்குது."

"ஒரு இலைகூட வாராதுங்க!" தலைமுடியெல்லாம் இலையாக ஓடிவந்த வெண்டல், கையில் கயிறோடு சந்தோஷமாக உறுதி சொன்னான். "நான் பாத்தேன். இதைப் போய் யார் காசு குடுத்து வாங்குவா? ஏதோ நம்ம மாப்பிள்ளையாச்சேன்னு நான் எடுத்துட்டுப் போறேன்."

ரொக்ஸான் அவனைத் தாண்டிப் போனாள். வண்டியின் அருகே குந்தி உட்கார்ந்தாள். முன்சக்கரத்தை ஆட்டிப் பார்த்தாள். சூடு ஆறாத இஞ்சினிடம் காதைக் கொண்டுபோனாள்.

"அந்த மரத்தைச் சுத்தினீங்களே, அப்ப பிரேக் போட்டீங்களா?"

"இல்லம்மா. பிரேக்னு ஒண்ணு இருக்கிறதே நினைப்பு வரலை."

அவள் தலையாட்டினாள். எழுந்து, சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்து, கேட்ட விலையை அப்படியே டெல்மரின் கையில் வைத்தாள். வெண்டலின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. வராந்தாவில் லொரீன் கையிலிருந்த இலையைக் கீழே விட்டாள்.

"இருங்கம்மா" என்று டெல்மர் பதறினார். கவிழ்ந்து கிடந்த பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "நிஜமாத்தான் சொல்றேன், இந்தப் பை வேலை செய்யாது!"

ரொக்ஸான் பையை வாங்கி வெண்டலின் கையில் கொடுத்துவிட்டு, வண்டியை டிரெய்லர் பக்கம் தள்ளிக்கொண்டே சொன்னாள்: "பிளேடையும் அப்புறம் இந்த அண்ணனுக்கே அனுப்பிடறேன், புல்வெட்டி ரேஸுக்கு வாங்கற வண்டியில நாங்க முதல்ல கழட்டிப் போடறதே அந்த ரெண்டையும்தான்."