சிவப்பு உறைக்கு முதலிடம்

"சொல்லாத எத்தேரி! எந்த உறையில எந்தக் கருவி எழுதினது இருக்குன்னு எனக்குத் தெரியவே கூடாது!" என்று ஜும்பர் மனைவியிடம் காதைப் பொத்திக்கொண்டு கத்தினான்.

போன மாதம் ஒரு செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பத்திரிகையில் ஆகா ஓகோவென்று புகழ்ந்திருந்தான். அதைச் செய்தவர்கள் அவனுக்கு ஒரு பெட்டி மது அனுப்பிய விஷயம் வெளியே வந்ததும் வாசகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். "இன்னொரு தடவை இப்படின்னா உன் பகுதிய மூடிடுவேன்," என்றார் ஆசிரியர்.

அதனால்தான் இந்தச் சோதனை. ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று கருவிகளும் விருந்து வாழ்த்து எழுதும். எத்தேரி அவற்றை மஞ்சள், நீலம், சிவப்பு உறைகளில் போடுவாள். விருந்தினர் மதிப்பெண் போடுவார்கள். வாசிப்பது ஜும்பரின் தாய்மாமன் கிவி. கூத்தாய்சி நகரத்தில் அவரை விஞ்சிய தமதா, அதாவது விருந்தை நடத்தி வாழ்த்துச் சொல்பவர், கிடையாது. அவர் கோப்பையைத் தூக்கி வாழ்த்தினால்தான் எந்த விருந்தும் நகரும்.

மஞ்சளைக் கேட்டு விருந்தினருக்குக் கொட்டாவி வந்தது. நீலத்தின்போது யாரோ கச்சாபுரி ரொட்டித் தட்டை இந்தப் பக்கம் தள்ளச் சொன்னார்கள். சிவப்பைப் பிரித்த மாமா, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கடைசி வரைக்கும் ஒரே கோட்டைப் போட்டுக்கிட்டு, பிள்ளைக்கு மட்டும் வருஷா வருஷம் புதுசு வாங்கின அப்பாக்களுக்கு!"

மேசையே அழுதது.

"கொஞ்சம் இருங்க," என்றார் விருந்துக்கு வந்திருந்த கணக்கு டீச்சர் லாமாரா. "இது மூணாவது கோப்பை. மூணாவது கோப்பையில கழுதை கத்தினாலும் எனக்குக் கண்ணு கலங்கும்."

நியாயம்தானே! அடுத்த சுற்று நட்புக்கு. இந்த முறை சிவப்பை முதலில் பிரிக்கச் சொன்னான் ஜும்பர். மறுபடியும் சிவப்புதான் ஜெயித்தது. ஆனால் அதற்குள் டீச்சர் மதிப்பெண்ணை மேசை விரிப்பில் எழுத ஆரம்பித்திருந்தார்.

நடுவர்களுக்குப் போதை இறங்கட்டும் என்று ஜும்பர் மதுவை எடுத்துவிட்டு பீர் ஊற்றினான். மாமாவின் முகம் கறுத்துவிட்டது.

"பீரா? எதிரிய வாழ்த்தத்தாண்டா பீரைத் தூக்குவாங்க! என் தங்கச்சி பெத்த பிள்ளையாடா நீ?"

விருந்தினர் எழுந்து, கிளம்புவதற்குத் தங்கள் கோட்டுகளைத் தேடினார்கள். பதறிப்போன ஜும்பர், மகள் கல்யாணத்துக்கென்று மண்ணில் புதைத்து வைத்திருந்த மதுச்சாடியையே திறந்துவிட்டான். எல்லோரும் உட்கார்ந்தார்கள். சமாதானத்துக்கு ஒரு சுற்று. சிவப்பை நடுவில் வைத்தான். அது முடிந்தபோது டீச்சர் மாமாவைக் கட்டிக்கொண்டு விம்மினார்.

எப்படி மாற்றி வைத்தாலும் ஒரே முடிவு! ஜும்பருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இதைவிட நேர்மையாக யார் சோதித்துவிட முடியும்? ஆசிரியருக்கு அங்கேயே செய்தி தட்டிவிட்டான்: 'வென்ற கருவி மனித மனதை அப்படியே படித்து வைத்திருக்கிறது. அட்டைப்படத்திலேயே போடுங்கள். பெயர் இதோ வருகிறது.'

"இப்ப சொல்லு எத்தேரி, சிவப்பு எந்தக் கருவி?"

எத்தேரி தட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "அந்த மூணாவது கருவி காலையிலேர்ந்து திறக்கவே இல்ல, ஜும்பர். உறை குறையக் கூடாதேன்னு சிவப்புல எல்லாம் வெறுந்தாளைத்தான் வச்சேன்."